ஜூன் ஒன்றாம் தேதிக்காரி

1

இன்று எனக்குப் பிறந்தநாள். சான்றிதழ்ப்படி. காலையில் எழுந்ததும் வங்கியிலிருந்து ஒரு வாழ்த்து வந்திருந்தது, மருந்துக்கடையிலிருந்து ஒன்று, பல் வைத்தியரிடமிருந்து சிரிக்கிற பல் படத்தோடு இன்னொன்று. அம்மா இருந்திருந்தால், "இன்னைக்கு என்னத்துக்குடி?" என்று கேட்டிருப்பாள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. என் வயதுக்காரர்களில் பாதிப்பேர் பள்ளிக்கூடம் திறக்கிற நாளாகப் பார்த்துப் பிறந்தவர்கள். இந்தக் கனடாவில் விமானத்துக்குச் சாப்பாடு கட்டும் கூடத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். அங்கே மதுரைப் பக்கத்துப் பெண்கள் நாலு பேர் இருந்தோம். நாலு பேருக்கும் ஜூன் ஒன்று. மேற்பார்வையாளர் ஒரே கேக்கை வைத்து, "நாலு பேரும் ஒரே பிரசவமா?" என்று கேட்டார். வெட்டினோம், தின்றோம். ஒருத்திக்குக்கூட அன்றைக்குப் பிறந்தநாள் இல்லை.

இந்த வருடம் மட்டும் இந்தத் தேதிக்காக நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஏன் என்று சொல்கிறேன். செத்த நேரம் உட்காருங்கள்.

2

போன நவம்பரில் ஒரு மதியம் பேருந்தைத் தவறவிட்டேன். இங்கே அந்த மாதத்தில் ஒரு மழை உண்டு. விழும்போது தண்ணீர், தரையைத் தொட்டதும் கண்ணாடி. மரத்துக் குச்சியெல்லாம் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு நிற்கும். பார்க்கக் கனவு மாதிரி இருக்கும், காலை வைத்தால் இடுப்பு போகும். பக்கத்தில் இருந்த பெரிய கட்டடத்துக்குள் ஒதுங்கினேன். ஒதுங்கிய பிறகுதான் அது கல்லூரி என்று தெரிந்தது.

அப்பா தன்னைப் பற்றி எப்போதும் ஒன்று சொல்வார். "நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன்." அவர் மகள் மழைக்குக் கல்லூரியில் ஒதுங்கியிருக்கிறாள் என்று நினைத்ததும் அந்தக் குளிரிலும் சிரிப்பு வந்தது.

தலைத்துணியை உதறிக்கொண்டு நின்றவளை ஒரு பெண் கையைப் பிடித்து ஒரு கூடத்துக்குள் கூட்டிப்போய் உட்காரவைத்தாள். உள்ளே எல்லாம் நரைத்த தலைகள். அறுபத்தைந்து முடிந்தவர்கள் கல்லூரி வகுப்புகளில் கட்டணமில்லாமல் உட்கார்ந்து படிக்கலாம், பரீட்சை கிடையாது என்று சொல்வதற்கான கூட்டம் அது. நானும் அதற்குத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். நானும் மறுக்கவில்லை. உள்ளே கதகதப்பாக இருந்தது.

கடைசியாக ஒரு பேராசிரியர் பேசினார். உயரமான, கூன் விழுந்த மனிதர். வானிலை சொல்லிக்கொடுப்பவர். சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் ஒரு மலை வரைந்தார். இடது பக்கமிருந்து ஒரு மேகம் ஏறி வந்தது. ஏறும்போது குளிர்ந்து, மலையின் இடது பக்கத்திலேயே மழையைக் கொட்டிவிட்டது. உச்சியைத் தாண்டி இறங்கும்போது அது வெறும் காற்று.

"இந்தப் பக்கத்து மனிதர்கள்," என்று வலது அடிவாரத்தில் ஒரு சின்ன வீடு போட்டார், "தினமும் மேகத்தைப் பார்ப்பார்கள். மழையைப் பார்க்கமாட்டார்கள்."

எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. அவர் எங்கள் வீட்டை வரைந்துவிட்டார்.

3

எங்கள் வீடு திண்டுக்கல்லிலிருந்து சின்னாளப்பட்டி போகும் சாலையில். கிழக்கே சிறுமலை, மேற்கே தூரத்தில் கொடைக்கானல் மலை. நடுவில் தட்டையாகக் கிடக்கும் கரட்டு நிலம். அப்பாவுக்கு அதில் மூன்று ஏக்கர் மானாவாரிக் கடலை.

எஸ்.எஸ்.எல்.சி. தேறியதும் டவுனில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் கல்லூரியில் எனக்கு இடம் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். ஆடி முடிவதற்குள் சேர்ந்துவிட வேண்டும். அப்பாவிடம் கேட்டேன். மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு மேற்கே பார்த்தார்.

"மழை விழுகட்டும் பிலோமி. மறுநாளே கூட்டிட்டுப் போயிச் சேத்துவிடுறேன்."

அந்த ஆடி முழுக்க நான் மேற்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் மேகம் வந்தது. மலை முகட்டில் வெள்ளை வேட்டியை உலர்த்தினாற்போல் தொங்கும். மத்தியானம் கறுக்கும். நான் கொடியிலிருந்து துணியெல்லாம் எடுத்து வைப்பேன். அப்புறம் காற்று வரும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அந்தக் காற்று. கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டுப் போய்விடும். ஒரு சொட்டு விழவில்லை. தேதி போய்விட்டது.

அந்த ஐப்பசியில் மழை அடித்துக் கொட்டியது. அதற்குள் எனக்கு நிச்சயம் பண்ணிவிட்டார்கள்.

மண்ணிலேயே பிறந்து வளர்ந்த மனிதருக்கு, நம் பக்கத்தில் ஆடிக்குக் காற்றுதான், மழை ஐப்பசிக்குத்தான் என்று தெரியாதா? பெய்யாத மழையைக் காட்டிப் பெற்ற பிள்ளையை ஏமாற்றிவிட்டாரே என்று அன்றைக்கு நினைத்தது, ஐம்பது வருடம் ஆகப்போகிறது, நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துகொண்டது. கல்யாணமாகி, கணவரோடு இங்கே வந்து, அவரும் போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. இடையில் அப்பா இறந்த செய்தி வந்தபோது நான் விமானச் சாப்பாட்டுத் தட்டுகளில் வெண்ணெய்ப் பொட்டலம் வைத்துக்கொண்டிருந்தேன். செய்தியைக் கேட்டுவிட்டு மிச்சத் தட்டுகளையும் வைத்து முடித்தேன். அழுகை வரவில்லை.

அதனால்தான் அந்த வகுப்பு எனக்கு வேண்டியிருந்தது. அந்த ஆடியில் மழை பெய்ய வழி இருந்ததா, இல்லையா? அப்பா சொன்னது நம்பிக்கையா, ஏமாற்றா? அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பேராசிரியரோ, வரும் ஜனவரியில் தொடங்கி ஏப்ரலில் முடியும் வகுப்புதான் தன்னுடைய கடைசி வகுப்பு என்று சொல்லியிருந்தார்.

4

சேர்க்கைச் சாளரத்தில் லிண்டா என்ற பெண்மணி. வெள்ளி முடி, கழுத்தில் சங்கிலி போட்ட கண்ணாடி. பெயர், முகவரி எல்லாம் சுமுகமாகப் போனது.

"பிறந்த தேதி?" என்றார்.

நான் யோசிக்காமல் கேட்டுவிட்டேன்: "எது வேண்டும்? கோயில் தேதியா, பள்ளிக்கூடத் தேதியா?"

நம் ஊரில் இது ஒரு கேள்வியே இல்லை. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட "ஒரிஜினலா, சர்டிபிகேட்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் காபியைக் குடிப்பார்கள். லிண்டா கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு மனுசிக்கு எத்தனை பிறந்த தேதி இருக்கும்?"

"எங்கள் ஊரில் இரண்டு."

அவர் சிரிக்கவில்லை. கடவுச்சீட்டைத் திருப்பிப் பார்த்தார். ஞானஸ்நான ஏட்டின்படி எனக்கு அறுபத்தாறு முடியப்போகிறது. கடவுச்சீட்டின்படி அறுபத்துநாலு. ஒன்றரை வருட வித்தியாசம். "ஜூன் ஒன்றுக்கு அப்புறம் வாருங்கள்" என்றார். பணம் கட்டிச் சேர்கிறேன் என்றேன். அந்த வழியில் போனால் ஆங்கிலப் பரீட்சை எழுதவேண்டும், பழைய பள்ளிச் சான்றிதழ்களை எல்லாம் மதிப்பீட்டுக்கு அனுப்பவேண்டும், அது முடிவதற்குள் அந்த வகுப்பே முடிந்துவிடும் என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "உங்கள் உண்மையான வயதுக்கு ஏதாவது காகிதம் இருக்கிறதா?" என்று கேட்டார்.

இருக்கிறது. திண்டுக்கல்லில், எங்கள் பங்குக் கோயிலின் ஏட்டில்.

வீட்டுக்கு வந்து மகள் ஷீபாவிடம் சொன்னேன். எட்டு வயதில் இங்கே வந்தவள். அவள் தமிழ் இப்போது பனியில் நடக்கிறவள் மாதிரி, ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைக்கும்.

"அம்மா, கவுன்டர்ல நின்னு யாராவது அப்படிக் கேப்பாங்களா? ரெண்டு டேட் ஆஃப் பர்த் இருந்தா இங்க அது பொய். சிட்டிசன்ஷிப், பென்ஷன் எல்லாத்தையும் திரும்ப செக் பண்ணுவாங்க."

"பொய் நான் சொல்லலையே. யாரோ எழுதுனது."

"யார் எழுதினா என்ன? கையெழுத்துப் போட்டது நீதானே. ப்ளீஸ், அந்தப் பேப்பர யாருக்கும் காட்டாத. உனக்கு ஒரு கிளாஸ் அவ்வளவு முக்கியமா?"

எவ்வளவு முக்கியம் என்று அவள் தமிழில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் ஆங்கிலத்திலும் தெரியவில்லை. வேலைக்குக் கிளம்பும்போது என் தோளைத் தொட்டு, "லைப்ரரில கூட நிறைய கிளாஸ் இருக்கும்மா, பின்னல் எல்லாம்" என்றாள். நல்ல பிள்ளை. எனக்குப் பின்னத் தெரியும்.

5

அண்ணன் சவரிமுத்துவிடம் கோயில் ஏட்டுப் படி வாங்கி அனுப்பச் சொல்லியிருந்தேன். எனக்கு மூன்றரை வயது மூத்தவர். வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் ஒரு கல்லூரி மாணவர்தான். திண்டுக்கல்லில் ஒரு கல்லூரி முதியவர்களுக்குச் சனிக்கிழமை தோறும் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறது. இரண்டு வாரம் போய்விட்டு நின்றுவிட்டார்.

"ஏண்ணே நின்னுட்டீக?"

"சொல்லிக்குடுக்குறது ஆருன்னு நெனைக்கிற? ஏழாப்புல ஏங்கிட்ட அடி வாங்குன புள்ளத்தா. 'சார், மவுச இப்படிப் புடிக்கக் கூடாது, கைய நீட்டுங்க'ங்குது. பயந்து வந்துட்டேன்."

ஜனவரி முதல் வாரத்தில் தபால் வந்தது. மங்கலான பச்சை முத்திரை போட்ட ஒரு காகிதம். என் பெயர், அப்பா அம்மா பெயர், பிறந்த நாள் ஒரு டிசம்பரில். நன்றி சொல்ல மறுநாள் காலை கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். பின்னால் மாதா கோயில் மணி கேட்டது.

"எதுக்குத்தா ஒனக்கு இம்புட்டு அவசரம்? ஜூன்ல சேந்தா காலேசு ஓடியா போகும்?"

சொன்னேன். மலை, மேகம், பேராசிரியர் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவைப் பற்றிய பேச்சும் வந்துவிட்டது. ஐம்பது வருடமாக அண்ணனிடம் கேட்காததைக் கேட்டேன். "அப்பாவுக்குத் தெரியாதாண்ணே? ஆடியில மழை வராதுன்னு?"



"தெரியாம என்ன. நல்லாத் தெரியும்."

"அப்ப ஏன் அப்படிச் சொன்னாரு?"

"முடியாதுன்னு ஒங்கிட்ட சொல்ல அவருக்கு வாய் வரலத்தா. அதத் தூக்கி மழை மேல போட்டுட்டாரு. அந்த வருசம் கெணத்துல வாளி இறக்குனா சேறு வந்துச்சு. ஒனக்கு அதெல்லாம் தெரிய வேணாம்னு அம்மாட்ட சத்தியம் வாங்கியிருந்தாரு."

நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன். பனி விழுந்துகொண்டிருந்தது. சத்தமில்லாமல் விழுகிற மழைதானே அது.

"ஒண்ணு சொல்றேன் கேளு," என்றார் அண்ணன். "ஒன் வயசக் கொறச்சது ஆருன்னு நெனைக்கிற?"

"பெரிய வாத்தியார். எல்லாருக்கும் அவர்தானே போட்டாரு."

"எல்லாருக்கும் அவரு போட்டாரு. ஒனக்கு அப்பா. ஒன்னச் சேக்கக் கூட்டிட்டுப் போனப்ப நானும் கூட இருந்தேன், எனக்குப் பத்து வயசு. கைய தலைக்கு மேல போட்டுக் காதத் தொடுன்னாரு பெரிய வாத்தியாரு. நீ காதப் புடிச்சு, கன்னத்தையும் சொரிஞ்ச. ஆறரை வயசு ஆச்சுல்ல. அவரு சரியான வயசத்தான் எழுதப் போனாரு. அப்பா கையப் புடிச்சுட்டாரு. 'ஒன்றரை வருசம் கொறச்சுப் போடுங்க சார். நாளைக்கு உத்தியோகம் பாத்தா, ஒன்றரை வருசம் கூட இருப்பால்ல.' வாத்தியாரு சிரிச்சுட்டாரு. 'பொம்பளப் புள்ளைக்கு உத்தியோகமாய்யா?'ன்னாரு. 'ஏன் சார், பெய்யாத மழையெல்லாம் பெய்யுது, இது நடக்காதா?'ன்னு கேட்டாரு அப்பா."

"ஒங்களுக்கும் கொறச்சாராண்ணே?"

"எனக்கு எங்க கொறச்சாரு. ஆம்பளப் புள்ள எப்படியும் பொழச்சுக்குவான்னு விட்டுட்டாரு. அம்பத்தெட்டு ஆனதும் வீட்டுக்கு அனுப்பிட்டாக. ஒங்கணக்குல இருந்திருந்தா இன்னும் ஒன்றரை வருசம் அந்தப் புள்ளைகள அடிச்சிருப்பேன்."

அவர் சிரித்தார். நான் தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு, அன்றைக்குத் தட்டு அடுக்கி முடித்த பிறகு வராத அழுகையை, அப்போது அழுதேன்.

6

கோயில் காகிதத்தை லிண்டாவிடம் காட்டவில்லை. ஷீபா பயந்ததற்காக அல்ல. காட்டினால் அப்பா குறித்த தேதியை அழிக்கவேண்டும். என் படிப்புக்காக அவர் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். அதை அடித்துவிட்டுப் படிக்கப்போக எனக்கு மனம் வரவில்லை. காகிதத்தை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தேன்.

ஆனால் வகுப்பு செவ்வாய்க்கிழமைதோறும் நடந்துகொண்டிருந்தது. வருத்தம் விடவில்லை. ஒருநாள் போய்ப் பார்த்தேன். பழைய கூடம். சூடேற்றும் குழாய் அளவுக்கு மீறிக் காய்கிறது என்று கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். எதிரே நடைவழியில் ஒரு மர இருக்கை. நடைவழியில் உட்கார வயது கேட்கமாட்டார்கள். உட்கார்ந்தேன்.

அங்கிருந்து கரும்பலகையில் பாதிதான் தெரியும். மிச்சப் பாதியைக் கதவு மறைத்தது. பேராசிரியர் குரலும் அப்படித்தான், பலகையின் இந்தக் கோடிக்கு வந்தால் கேட்கும், அந்தக் கோடிக்குப் போனால் தேய்ந்துவிடும். கடல் தெரிந்தது, ஈரக் காற்று தெரிந்தது, மலையில் ஏறுகிற மேகம் தெரிந்தது, மழை கொட்டியது தெரிந்தது. மலைக்கு அந்தப் பக்கம் என்ன ஆனது என்பது மட்டும் கதவுக்குப் பின்னால். எனக்கு அது பரவாயில்லை. அந்தப் பாதியில்தான் நான் வளர்ந்தேன்.

ஜனவரி, பிப்ரவரி, மார்ச். என் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்டவர்கள் நாசமாகப் போகட்டும். அறுபத்தாறில் நன்றாகவே வளைகிறது, முட்டிதான் வளையமாட்டேன் என்கிறது. சில நாள் அவர் குரலைக் கேட்டுக்கொண்டே கண்ணை மூடுவேன். நடைவழி போய்விடும். கடலைக் காட்டு வரப்பில் உட்கார்ந்திருப்பேன், மேற்கிலிருந்து ஒருவர் ஆங்கிலத்தில் மேகத்தை அழைத்துக்கொண்டு வருவார். கண்ணைத் திறந்தால் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு வெளியே வருவார்கள். "ஹாய்" என்பார்கள். யாரும் என்னை ஏன் என்று கேட்கவில்லை. யாருடைய ஆயாவோ என்று நினைத்திருப்பார்கள்.

ஏப்ரலில், கடைசிக்கு முந்தின வகுப்பு முடிந்ததும் பேராசிரியர் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கும் முட்டி வலி போல, ஒரு கையை ஊன்றித்தான் உட்கார்ந்தார்.

"பன்னிரண்டு வாரமாகப் பார்க்கிறேன். என் மாணவர்களில் ஒருநாளும் தவறாமல் வந்தவர் நீங்கள்தான். ஏன் உள்ளே வரவில்லை?"

"பட்டியலில் பெயர் இல்லை. எனக்கு வயது போதவில்லை."

அவர் என் முகத்தையும் நரையையும் பார்த்தார். அந்தப் பதிலை இந்த உலகத்தில் யாரும் அவருக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். நான் முழுக் கதையையும் சொன்னேன். என் ஆங்கிலத்தில், நடுவில் கையால் மலையெல்லாம் காட்டி. ஆடி என்ற சொல்லுக்கு ஆங்கிலம் தெரியாமல் ஆடி என்றே சொன்னேன்.

கேட்டு முடித்து, "பட்டியலில் இல்லாதவர்கள் வகுப்பில் உட்காரக் கூடாது என்பது விதி," என்றார். "பேசுவதற்கு விருந்தினரை அழைக்க எனக்கு உரிமை இருக்கிறது. அவர்களுக்கு யாரும் வயது கேட்பதில்லை. அடுத்த செவ்வாய், மலைக்கு அந்தப் பக்கத்தைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள். நான் அங்கே வாழ்ந்ததில்லை."

7

ஷீபா அன்று அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு என்னைக் காரில் கொண்டுபோய் விட்டாள். "சும்மா, பார்க்கிங் கஷ்டம்னு" என்றாள். என் சேலை மடிப்பைச் சரிசெய்துவிட்டு, தானும் உள்ளே வந்து கடைசி வரிசையில் நின்றுகொண்டாள்.

முதன்முதலாக முழுக் கரும்பலகையையும் பார்த்தேன். எவ்வளவு நீளம் அது. சாக்பீஸ் வாங்கி மேற்கு மலையை வரைந்தேன், கிழக்கே சிறுமலையை வரைந்தேன், நடுவில் எங்கள் வீடு. ஆடிக் காற்றில் அம்மி பறக்கும் என்று சொன்னேன். அம்மி என்றால் என்ன என்று கேட்டார்கள். இரண்டு பேர் தூக்கும் கல் என்றதும் சிரித்தார்கள். காற்று மட்டும் வரும், மழை வராது என்றேன்.

முன்வரிசையில் ஒரு மாணவி கேட்டாள்: "அப்போ நீங்கள் எல்லாம் என்ன செய்வீர்கள்?"

"காத்திருப்போம். ஐப்பசியில் இன்னொரு காற்று, இந்தப் பக்கத்திலிருந்து, கிழக்கிலிருந்து வரும். அது மழை கொண்டுவரும்." நிறுத்திவிட்டு, சொல்லலாமா என்று யோசித்துச் சொன்னேன். "கல்லூரிச் சேர்க்கைதான் ஐப்பசி வரை காத்திருக்காது."

யாரும் சிரிக்கவில்லை. அப்பா மழை விழட்டும் என்றதையும், என்னைப் பள்ளியில் சேர்த்தபோது வயதைக் குறைத்து எழுதவைத்ததையும் சொன்னேன். பேராசிரியர் எழுந்து வந்து, நான் வரைந்த மேற்கு மலையின் அந்தப் புறத்தில் மழைக் கோடுகளை நிறையப் போட்டார். "அந்த ஆடியிலும் மழை பெய்தது," என்றார். "இங்கே. உங்கள் அப்பா பார்த்த மேகமெல்லாம் பெய்து முடித்த மேகம்."

காரில் ஏறியதும் ஷீபா என் பக்கம் திரும்பினாள். இருக்கைப் பட்டையை மாட்டிக்கொண்டே, "தாத்தா எதுக்கு வயசக் குறைச்சார்னு எங்கிட்ட ஏம்மா சொல்லல?" என்று கேட்டாள். வீடு வரும் வரை சொன்னேன். அவள் சுற்றுவழியில் ஓட்டினாள்.

8

இன்று காலை எட்டு மணிக்கே லிண்டாவின் சாளரத்தில் நான்தான் முதல் ஆள். பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். செப்டம்பரில் அந்த வகுப்பை வேறொரு பெண் எடுக்கிறாளாம், என் மகளைவிட இளையவள். இருக்கட்டும், எனக்குப் பாதிப் பாடம் தெரியும்.

லிண்டா படிவத்தை எடுத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் நினைவு வந்துவிட்டது. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "பிறந்த தேதி?"

"ஜூன் ஒன்று," என்றேன்.

"ஒன்றுதானா?"

"ஒன்றுதான். எங்கள் அப்பா வைத்தது."

எழுதினார். அறுபத்தைந்து என்று ஒரு கட்டத்தில் போட்டார். முத்திரை குத்திவிட்டு, "பிறந்தநாள் வாழ்த்துகள், பிலோமினா" என்றார். இத்தனை வருடமாக இந்தத் தேதியில் வந்த எந்த வாழ்த்துக்கும் நான் பதில் சொன்னதில்லை. இதற்கு நன்றி சொன்னேன்.

வெளியே வந்து அண்ணனைக் கூப்பிட்டேன். இடம் கிடைத்துவிட்டது என்றேன். "சரித்தா, சந்தோசம்" என்றார். அவரும் சனிக்கிழமை வகுப்புக்குத் திரும்பப் போகிறாராம். "அடிச்சா அடிக்கட்டும்" என்றார்.

"அங்க இப்ப எப்படிண்ணே இருக்கு?"

"வெயிலுதான். மேக்க மட்டும் செத்த கறுத்திருக்கு."

"மழை வருமா?"

"எங்க வரப்போகுது," என்றவர், கொஞ்சம் பொறுத்து, "கொடியில துணி கெடக்கு. எடுத்துப்போட்டுட்டு வாரேன், இரு" என்றார்.